கேபிளின் கடைசி ஒரு சாண்: கேஸ் டிடெக்டர் வயரிங்கில் பட்டுத் தெரிந்துகொண்டவை

"தம்பி, அது சும்மாவே கத்தும். அதான் பைபாஸ்ல போட்டு வச்சிருக்கோம்."

கண்ட்ரோல் ரூமில் இருந்த மூத்த ஆபரேட்டர் ஒரு கேஸ் டிடெக்டரைப் பற்றி இதைச் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவரைக் குறை சொல்ல முடியாது. மூன்று வாரமாக ராத்திரி பகல் பார்க்காமல் ஹூட்டர் அடித்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் யாராவது கையடக்க டிடெக்டரை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் கேஸ் இல்லை. நாலாவது வாரம், அந்த டிடெக்டரின் அலாரம் வேலை செய்யாதபடி பைபாஸ் சாவியைத் திருப்பிவிட்டார்கள். பம்ப் ஹவுஸில் மொத்தம் ஆறு டிடெக்டர். கண்ணை மூடிவைத்திருந்தது, கசிவு வர அதிக வாய்ப்புள்ள பம்ப் சீலுக்குப் பக்கத்தில் இருந்த டிடெக்டரை.

எனக்கு முன்னால் வந்தவர்கள் சென்சாரை இரண்டு முறை மாற்றியிருந்தார்கள். டெஸ்ட் கேஸ் கொடுத்து கேலிப்ரேஷனும் செய்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் எல்லாம் சரியாக இருந்திருக்கிறது, அவர்கள் கிளம்பிய சில மணி நேரத்தில் மறுபடி அலாரம். இதற்கான காரணம் பெர்மிட்டில் இருந்தது. அந்த இடத்தில் வேலை செய்ய வேண்டுமென்றால் பம்பை நிறுத்தித்தான் பெர்மிட் தருவார்கள். பம்ப் நின்றால் கோளாறும் நின்றுவிடும். நோயாளி டாக்டர் முன்னால் மட்டும் நன்றாக இருந்த கதை.

நான் டிடெக்டர் பக்கம் போகவே இல்லை. பேனலில் இருந்த அலாரம் நேரங்களை ஒரு தாளில் எழுதினேன். பக்கத்தில் பம்ப் ஓடிய நேரங்களை எழுதினேன். ஏறக்குறைய எல்லா அலாரமும் பம்ப் கிளம்பியவுடனோ, வேகம் கூட்டியபோதோ வந்திருந்தது. அந்த பம்ப் விஎஃப்டி டிரைவில் (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுக் கருவி) ஓடுவது. அதற்கு மேல் சென்சாரைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

இந்த டிடெக்டர்கள் மூன்று வயர் வகை: 24 வோல்ட் பாசிட்டிவ், நெகட்டிவ், சிக்னல். சிக்னல் 4 முதல் 20 மில்லியாம்ப். 4 என்றால் கேஸ் இல்லை, 20 என்றால் 100 சதவீத எல்இஎல் (காற்றில் கேஸ் தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு). கணக்குப் போட்டால் 10 சதவீதத்துக்கு 1.6 மில்லியாம்ப். முதல் அலாரம் 20 சதவீதத்தில் வைத்திருந்தால் அது வெறும் 7.2 மில்லியாம்ப். அதாவது எங்கிருந்தோ 3.2 மில்லியாம்ப் சேர்ந்துவிட்டால் போதும், இல்லாத கேஸுக்கு ஹூட்டர் அடித்துவிடும். பேனலில் 250 ஓம் ரெசிஸ்டரின் இரு முனையில் அளந்தால் 4 மில்லியாம்ப் 1 வோல்ட்டாகத் தெரியும். மல்டிமீட்டரை ஏசி ரேஞ்சில் வைத்து அதே இடத்தில் பிடித்தேன். பம்ப் நின்றிருந்தபோது சில மில்லிவோல்ட். பம்பை ஓட்டச் சொன்னேன். அரை வோல்ட்டைத் தாண்டியது. சாதாரண மல்டிமீட்டரால் டிரைவின் வேகமான துடிப்புகளை ஒழுங்காக அளக்க முடியாது. ஆனாலும் நிற்கும்போது ஒன்று, ஓடும்போது வேறு என்பதைக் காட்ட அது போதும்.

அடுத்து செய்தது இன்றைக்கும் நான் எந்த வேலையிலும் விடாமல் செய்யும் சோதனை. ஷீல்டு என்பது வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலைத் தடுக்க வயர்களைச் சுற்றியிருக்கும் ஃபாயில் உறை; அதை ஒட்டி ஓடும் வெற்றுக் கம்பிதான் டிரெயின் வயர். அந்த டிரெயின் வயரைப் பேனலின் எர்த் பாரிலிருந்து கழற்றி, அந்த வயருக்கும் எர்த்துக்கும் இடையே ஓம் பார்ப்பது. ஷீல்டு பேனல் பக்கம் மட்டும் எர்த் ஆகியிருந்தால், கழற்றிய பிறகு அது அந்தரத்தில் இருக்க வேண்டும். மீட்டர் ஓப்பன் காட்ட வேண்டும். எனக்கு சில ஓம்தான் காட்டியது. அப்படியானால் வழியில் எங்கோ இன்னொரு இடத்தில் ஷீல்டு எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மற்ற ஐந்து லூப்பிலும் (ஒரு டிடெக்டரும் பேனல்வரை வரும் அதன் வயரிங்கும் சேர்ந்தது ஒரு லூப்) அதே சோதனை செய்தேன். நாலு ஓப்பன். இன்னொன்றிலும் தொடர்பு இருந்தது, ஆனால் அது இன்னும் தொந்தரவு கொடுக்க ஆரம்பிக்கவில்லை.

பெர்மிட் வாங்கி, சப்ளையைத் துண்டித்து, நடுவில் இருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தோம். அங்கே ஷீல்டைப் பிரித்து இரண்டு பக்கமும் தனித்தனியாக அளந்தோம். பேனல் பக்கம் சுத்தம். டிடெக்டர் பக்கம் தொடர்பு. சரி, டிடெக்டர் மூடியைக் கழற்றலாம் என்றேன்.

உள்ளே பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கேபிளின் வெளி உறையை ஒரு சாண் நீளத்துக்கு உரித்திருந்தார்கள். அலுமினியம் ஃபாயில் தாறுமாறாகக் கிழிந்து கிடந்தது. டிரெயின் வயரை மடித்து, கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று சுற்றி, கிளாண்டு (கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) வாய்க்குள் செருகியிருந்தார்கள். வெயிலில் அந்த உலோகப் பெட்டி எவ்வளவு சூடாகும்! டேப்பின் பசை உருகி, டேப் சுருள் வழுக்கி நழுவியிருந்தது. வெள்ளீயம் பூசிய இழைகளில் ஒன்றே ஒன்று, முடி அளவு, கிளாண்டின் உள் வளையத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. கிளாண்டு ஆர்மரோடும் (கேபிளின் உலோகக் கவசம்), ஆர்மர் பம்ப் ஹவுஸின் இரும்போடும் சேர்ந்தது. அங்கே உள்ள எர்த்துக்கும் கண்ட்ரோல் ரூம் எர்த்துக்கும் நடுவில் எப்போதும் கொஞ்சம் வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும், டிரைவ் ஓடும்போது இன்னும் கூடும். ஷீல்டின் இரண்டு முனையும் எர்த்தானதும் அந்த வித்தியாசம் ஷீல்டு வழியாகக் கரண்ட்டாக ஓட ஆரம்பித்துவிட்டது. இரைச்சலைத் தடுக்கப் போட்ட ஷீல்டே இரைச்சலைச் சுமந்து வந்து சிக்னல் வயரை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது.

அந்த வேலையைச் செய்தவர் கவனக்குறைவானவர் என்று நான் நினைக்கவில்லை. டேப் சுற்றியது ஷீல்டு அங்கே எர்த் ஆகக் கூடாது என்று தெரிந்ததால்தான். அந்தச் சூட்டுக்கு டேப் தாங்காது என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நாங்கள் செய்தது இது. ஃபாயிலை வெளி உறையின் விளிம்போடு சீராக வெட்டினோம். டிரெயின் வயரை அடியோடு வெட்டவில்லை, இரண்டு அங்குலம் விட்டு, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, ஸ்லீவின் நுனியையும் சூட்டோடு சூடாக இடுக்கியால் அழுத்தி மூடினோம். வெளி உறை முடியும் இடத்திலும் ஒரு பெரிய ஸ்லீவ். இப்படி வைத்தால் நாளை யாராவது ஷீல்டின் தொடர்ச்சியைச் சோதிக்க வேண்டுமென்றால் நுனி கைக்குக் கிடைக்கும். உரித்த நீளத்தையும் குறைத்து, உள் வயர்களின் முறுக்கு டெர்மினலுக்கு எவ்வளவு அருகே வர முடியுமோ அவ்வளவு அருகே வரவிட்டோம்.

பலரும் கவனிக்காத இடம் இந்த முறுக்குதான். ஒரு முனையில் எர்த் செய்த ஷீல்டு மின்புலத்தால் வரும் இரைச்சலைத் தடுக்கும். மோட்டார் கேபிளைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தை அந்த மெல்லிய ஃபாயிலால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அதைச் சமாளிப்பது வயர்களின் முறுக்கு. முறுக்கிய வயர்களில் ஒரு வளையத்தில் ஏறும் இரைச்சலை அடுத்த வளையம் கழித்துவிடும். ஒரு அடி நீளத்துக்கு முறுக்கைப் பிரித்து, அழகாக இருக்கட்டும் என்று வயர்களை டக்டில் பரப்பி வைத்தால் அங்கே அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. அழகான பேனல் எனக்கும் பிடிக்கும். ஆனால் சிக்னல் வயர்களை மட்டும் கடைசி வரை சேர்த்தே கொண்டு போகச் சொல்வேன்.

அன்றைக்கு ஷீல்டைச் சரிசெய்த பிறகு பம்பை ஓட்டிப் பார்த்தோம். அரை வோல்ட் இருந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. அலாரம் நின்றது. ஆனால் டிஸ்ப்ளேயில் 2, 3 சதவீதம் இன்னும் ஆடிக்கொண்டே இருந்தது. சிலர் போதும் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கேபிள் போகும் வழியெல்லாம் நடந்து பார்த்தேன். இன்ஸ்ட்ருமென்ட் டிரே நிரம்பிவிட்டதால் கடைசியாக இழுத்த இந்த ஒரு கேபிளை மட்டும் சுமார் 30 மீட்டர் தூரத்துக்குப் பவர் டிரேயில், டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அதைப் பிரித்து, குறைந்தது 300 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத் தனி வழியில் போட்டோம். பவர் கேபிளைத் தாண்ட வேண்டிய இடத்தில் நேர்க்குத்தாக, 90 டிகிரியில் தாண்டவிட்டோம். அதற்குப் பிறகுதான் டிஸ்ப்ளே பூஜ்யத்தில் நின்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிரைவின் மோட்டார் கேபிளுக்கும் ஷீல்டு உண்டு, அதற்கான விதி நேர் எதிர். அந்த ஷீல்டை இரண்டு முனையிலும், முழு வட்டமாகப் பிடிக்கும் கிளாம்பு போட்டு எர்த் செய்ய வேண்டும். டிரைவ் உண்டாக்கும் வேகமான துடிப்புகள் வெளியே பரவாமல் அதே வழியில் திரும்பிப் போக அதுதான் பாதை. அங்கே ஷீல்டை நீளமான வாலாக முறுக்கி ஒரு முனையில் மட்டும் கட்டியிருந்தார்கள். "ஷீல்டுன்னா ஒரு பக்கம்தான் எர்த்" என்று எப்போதோ கேட்டதை அங்கேயும் பயன்படுத்திவிட்டார்கள். எலக்ட்ரிகல் ஆட்கள் அதையும் சரிசெய்து கொடுத்தார்கள்.

ஆர்மரையும் ஷீல்டையும் குழப்பிக்கொள்வதும் இதே போலத்தான். ஆர்மர் கேபிளை அடிபடாமல் காப்பது, பழுது நேர்ந்தால் கரண்ட்டை எர்த்துக்குக் கொண்டு போவது. அதை இரண்டு முனையிலும் கிளாண்டு வழியாக எர்த் செய்வதுதான் பொதுவான வழக்கம். ஷீல்டு இரைச்சலுக்கானது. இரண்டையும் ஒன்றாக முறுக்கி ஒரே லக்கில் அடித்து வைத்திருப்பதை எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டேன். கேபிள் வாங்கும்போதே இரண்டுக்கும் நடுவில் உள் உறை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷீல்டை எந்தப் பக்கம் எர்த் செய்வது என்பதற்கு என் முதல் பதில், டிடெக்டரின் மேனுவல் என்ன சொல்கிறதோ அது. பெரும்பாலும் கண்ட்ரோல் ரூம் பக்கம். உள்ளார்ந்த பாதுகாப்பு வகை (கேஸைப் பற்றவைக்க முடியாத அளவு குறைந்த மின்சக்தியில் ஓடும்) சர்க்யூட்டுகளுக்கு ஐஇசி 60079-14 தரநிலையும் ஷீல்டை ஒரே புள்ளியில், வழக்கமாக ஆபத்தில்லாத பகுதியின் முனையில் எர்த் செய்யச் சொல்கிறது. சில தயாரிப்பாளர்கள் டிடெக்டர் உடலில் ஷீல்டைக் கட்டச் சொல்வார்கள். அப்படியானால் பேனல் பக்கம் விட்டுவிட வேண்டும். எதுவாக இருந்தாலும் லூப் டிராயிங்கில் எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால், அடுத்து வருபவர் அந்தரத்தில் நிற்கும் டிரெயின் வயரைப் பார்த்து, யாரோ மறந்துவிட்டார்கள் என்று நல்ல எண்ணத்தோடு கட்டிவிட்டுப் போவார். நான் சொன்னேனே, தொந்தரவு தராமல் இருந்த இன்னொரு லூப், அதில் நடந்தது இதுதான்.

ஜங்ஷன் பாக்ஸில் ஒவ்வொரு கேபிளின் ஷீல்டுக்கும் தனி டெர்மினல் கொடுக்க வேண்டும். பாசிட்டிவ், நெகட்டிவ், சிக்னல், ஷீல்டு என்று வரிசையாக வைத்து, வரும் ஷீல்டைப் போகும் ஷீல்டோடு சேர்க்க வேண்டும். எல்லா டிரெயின் வயரையும் கொத்தாகப் பிடித்துப் பெட்டியின் எர்த் போல்ட்டில் கட்டினால் அத்தனை லூப்பும் ஒரே நாளில் கெட்டுப்போகும்.

வேறு ஒரு இடத்தில் நடந்ததையும் சொல்கிறேன், ஏனென்றால் இது வயரின் தடிமன் சம்பந்தப்பட்டது. மின்சாரம் போனால் பேட்டரி எடுத்துக்கொள்ளும் அமைப்பு. கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில், தூரத்தில் இருந்த இரண்டு டிடெக்டர்கள் மட்டும் ஃபால்ட் காட்டி, மறுபடி உயிர் பெற்று, மறுபடி ஃபால்ட் காட்டும். கிட்டே இருந்தவை ஒழுங்காக இருந்தன. தூரம் 600 மீட்டர், வயர் 1.5 சதுர மில்லிமீட்டர். அந்தத் தடிமன் செம்புக் கம்பிக்கு கிலோமீட்டருக்கு 12.1 ஓம். போக, வர என்று 1.2 கிலோமீட்டர், ஆக 14.5 ஓம். டிடெக்டர் எடுப்பது 4 வாட், குறைந்தபட்சம் 18 வோல்ட் வேண்டும். 24 வோல்ட் இருக்கும்வரை டிடெக்டருக்கு 21 வோல்ட்டுக்கு மேல் போய்ச் சேர்ந்தது. பேட்டரி இறங்கி 21 வோல்ட் ஆனதும் அங்கே கிடைத்தது 17.7 தான். இந்த வகை டிடெக்டர்களில் இன்னொரு சிக்கல் உண்டு: வோல்டேஜ் குறையக் குறைய, அதே 4 வாட்டை எடுக்க அது அதிகக் கரண்ட்டை இழுக்கும். அதிகக் கரண்ட் போனால் வயரில் இழப்பும் கூடும். அதனால் சரிவு மெதுவாக ஆரம்பித்துக் கடைசியில் சட்டென்று விழும்.

2.5 சதுர மில்லிமீட்டர் போட்டிருந்தால் கிலோமீட்டருக்கு 7.41 ஓம். அதே 21 வோல்ட்டில் டிடெக்டருக்கு 19 வோல்ட் கிடைத்திருக்கும். கடைசியில் அதைத்தான் போட்டோம். கணக்கை எப்போதும் பேட்டரியின் கடைசி வோல்டேஜை வைத்துப் போடுங்கள், 24-ஐ வைத்துப் போடாதீர்கள். 20 டிகிரிக்கான ஓம் கணக்கு வெயிலில் காயும் டிரேயில் 50 டிகிரிக்குப் போனால் சுமார் 12 சதவீதம் கூடிவிடும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரண்ட் போன நேரம்தான் ஆலையில் எதுவும் நடக்கக்கூடிய நேரம். அந்த நேரத்தில் டிடெக்டர் கண் அயரக் கூடாது.

இப்போது சொல்லப்போவது வயரிங் கோளாறே அல்ல, ஆனால் வயரிங் செய்பவர் கையால் நடப்பது. கிளாண்டு வழியாகத் தண்ணீர் இறங்காமல் இருக்கட்டும் என்று சிலிக்கோன் சீலன்ட்டைப் பிதுக்கிப் பூசுவார்கள். கேடலிட்டிக் வகை (கேஸைத் தன் மேல் எரித்து அளக்கும்) சென்சாருக்கு சிலிக்கோன் ஆவி விஷம். உள்ளே இருக்கும் சின்ன மணியின் மேல் அது படிந்து, கேஸ் எரிய வேண்டிய இடத்தை மூடிவிடும். இதில் பயங்கரம் என்னவென்றால், பேனலில் ஒன்றுமே தெரியாது. 4 மில்லியாம்ப் அப்படியே நிற்கும், பச்சை விளக்கு எரியும். கேஸ் வந்தால் மட்டும் எண் ஏறாது. டெஸ்ட் கேஸ் கொடுத்துப் பார்க்கிற அன்றைக்குத்தான் சென்சார் செத்தது தெரியும். அதனால் சிலிக்கோன் சீலன்ட், சிலிக்கோன் கலந்த ஸ்ப்ரே இரண்டையும் டிடெக்டர் பக்கம் கொண்டுவரவே விடமாட்டேன். தண்ணீருக்கு வேறு வழி இருக்கிறது. கேபிளுக்கு ஏற்ற அளவு கிளாண்டு, கேபிள் நுழைவதற்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு, பயன்படாத துளைக்குச் சான்றிதழ் உள்ள ஸ்டாப் பிளக். இவை போதும்.

மெகர் (அதிக வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) சோதனை பற்றியும் ஒரு வார்த்தை. 500 வோல்ட் மெகரை கேபிள் இழுத்தவுடன், இரண்டு முனையும் திறந்திருக்கும்போது வையுங்கள்: வயருக்கும் வயருக்கும், வயருக்கும் ஷீல்டுக்கும், ஷீல்டுக்கும் ஆர்மருக்கும். கடைசியில் சொன்னதைப் பலர் விட்டுவிடுவார்கள். கேபிள் இழுக்கும்போது உள் உறை கிழிந்து ஷீல்டு ஆர்மரைத் தொட்டிருந்தால் அந்த இடத்தில்தான் பிடிபடும். டிடெக்டரை இணைத்த பிறகு மெகரை எடுத்தால் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் போய்விடும்.

மோட்பஸ் லைனில் (பல டிடெக்டர்கள் ஒரே கேபிளில் டிஜிட்டலாகப் பேசும் முறை) டிடெக்டர்களைக் கோத்தால் வேறு ஒழுங்கு. ஒன்றிலிருந்து ஒன்றாகச் சங்கிலி போலப் போக வேண்டும், நட்சத்திரம் போலக் கிளை பிரியக் கூடாது. இரண்டு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர். ஷீல்டு வழியெங்கும் தொடர்ந்து வந்து ஒரே இடத்தில் எர்த்.

வேலை முடிந்ததும் நான் செய்யும் கடைசிச் சோதனை வாக்கி டாக்கி. அந்தப் பகுதிக்குச் சான்றிதழ் உள்ள ரேடியோவாக இருக்க வேண்டும். கண்ட்ரோல் ரூமில் சொல்லி, ஷட்டவுன் அவுட்புட்டுகளைத் தடுத்து வைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், இல்லையென்றால் ஆலையே நின்றுபோகும். டிடெக்டர் மூடியை முழுதாக இறுக்கிவிட்டு, ஒரு மீட்டர் தள்ளி நின்று ரேடியோவின் பட்டனை அழுத்திப் பேசுவேன். பேனலில் இருப்பவர் எண் அசைகிறதா என்று பார்ப்பார். அசைந்தால் பெரும்பாலும் மூடியின் மறை முழுதாகச் சுற்றப்படவில்லை, அல்லது உள்ளே ஷீல்டு வால் நீளமாக விடப்பட்டிருக்கிறது. பக்கத்தில் இருக்கும் பெரிய மோட்டார்களையும் ஒருமுறை கிளப்பி நிறுத்தச் சொல்வேன். ஹூட்டரையும் அடித்துப் பார்ப்பேன். காயிலுக்குக் குறுக்கே டையோடு போடாத சோலனாய்டு, ரிலே ஏதாவது இருந்தால் அணைக்கும் நொடியில் வரும் துடிப்பு அங்கே தெரிந்துவிடும்.

அன்றைக்கு அந்த பம்ப் ஹவுஸில் இவ்வளவும் முடிய சாயங்காலம் ஆகிவிட்டது. ஆறு லூப்புக்கும் பம்ப் நிற்கும்போதும் ஓடும்போதும் எடுத்த ஏசி மில்லிவோல்ட், ஷீல்டைக் கழற்றியபோது கிடைத்த ஓம், டிடெக்டர் முனையில் வந்த வோல்டேஜ் எல்லாவற்றையும் ஒரு அட்டவணையாக எழுதிப் பேனல் கதவின் உள்பக்கம் பிளாஸ்டிக் உறையில் ஒட்டினேன். அந்த மூத்த ஆபரேட்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார். இரண்டாவது எண்ணுக்கு நேராக விரலை வைத்து, "இது ஏறுச்சுன்னா உங்களைக் கூப்பிடணும், அப்படித்தானே?" என்றார். ஆமாம் அண்ணே என்றேன். பைபாஸ் சாவியைத் திருப்பி, உருவி, ஷிஃப்ட் பதிவேட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.